நீரிழிவு மாத்திரையும் பச்சிளங் குழந்தையும்

பால் குடித்து மூன்று மணி நேரம் சென்றால் சிசு வியர்த்துத் துவளுகிறது. வாயெல்லாம் புண். ஒரு சீழ்க்கட்டி ஆறுமுன் மற்றொன்று கிளம்புகிறது. திருஷ்டி என்று சொல்லிவிடுவோம். ஆயின் இது கிளைகோஜன் சேமிப்பு நோயில் '1-பி' என்னும் அபூர்வமான பிறவி வியாதியாக இருக்கலாம்.

ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரையைப் பசி வேளையில் வெளியே விட முடியாமற் போவது இதன் ஒரு பாதி. அதற்காகக் குழந்தையை நள்ளிரவிலும் எழுப்பி ஊட்ட வேண்டும். சற்று வளர்ந்தபின் வேகவைக்காத மக்காச்சோள மாவைக் கரைத்துக் கொடுப்பார்கள். மற்றப் பாதிதான் கொடியது. கிருமிகளை விழுங்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் இரத்தத்தில் குறைந்துவிடுகின்றன. ஒரு கன மில்லிமீட்டரில் ஆயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியவை 500-க்கும் கீழே இறங்குவதுண்டு. எஞ்சியவையும் சரிவர வேலை செய்வதில்லை.

1990-களிலிருந்து இதற்கு ஜி-சி.எஸ்.எஃப். என்னும் ஊசி மருந்து போடுகிறார்கள். அது எலும்பு மஜ்ஜையைத் தூண்டி அணுக்களைப் பெருக்கும். ஆனால் பச்சைக் குழந்தையை ஓயாமல் குத்த வேண்டும், மண்ணீரலும் பெருத்துவிடும். அன்றியும், அணுக்கள் ஏன் மடிகின்றன என்பது அப்போது விளங்கவில்லை.

2019-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸெல்ஸ் நகரில் மரியா வெய்கா-டா-குன்யா, எமில் வான் ஸ்காஃப்டிங்கன் முதலிய விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டார்கள். நாம் உண்ணும் ஆகாரத்தில் 1,5-அன்ஹைட்ரோகுளூசிட்டால் என்றொரு போலிச் சர்க்கரை சிறிதளவு இருக்கிறது. (பெயரைக் கண்டு நேயர்கள் மிரள வேண்டாம், சாது வஸ்துதான்.) அது அணுவுக்குள் சென்று விஷமாக மாறும். மற்றவர்களுடைய உடலில் அவ்விஷம் அவ்வப்போது சிதைக்கப்படுகிறது. இக்குழந்தைகளிடமோ, அதைச் சிதைக்கும் இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் புரதம் பிறவியிலேயே பழுது. விஷம் தேங்கத் தேங்க, வெள்ளையணு எதிரே சர்க்கரை இருந்தும் உபயோகிக்க இயலாமல் பட்டினியால் மாள்கிறது.

அப்போலிச் சர்க்கரையைச் சிறுநீரோடு கழித்துவிட்டால் என்ன? பெரியவர்கள் நீரிழிவுக்கு விழுங்கும் எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரை அதைத்தான் செய்கிறது. 2020-இல் நால்வருக்குக் கொடுத்தபோது புண்கள் ஆறின. 2022-இல் 112 நோயாளிகளின் விவரம் திரட்டப்பட்டது. ஊசி போட்டு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதை நிறுத்தியிருந்தனர். எனினும் இம்மாத்திரை சர்க்கரையையும் வெளியேற்றுவது. ஏற்கெனவே சர்க்கரை தாழும் சிசுவுக்கு வைத்தியர் பக்கத்திலிருந்து, சிறு அளவில் தொடங்கியே கொடுக்க வேண்டும்.

2025 மார்ச்சில் இம்மருந்தின் காப்புரிமை இந்தியாவில் முடிந்தது. நம் நாட்டுக் கம்பெனிகள் பலவும் அதைத் தயாரிக்க முன்வந்து விலை வெகுவாக இறங்கியது. இனி நோயைக் கண்டுகொள்வதுதான் பாக்கி. அடிக்கடி சீழ் கட்டும் குழந்தைக்கு வெள்ளையணுக்களை வகைவாரியாக எண்ணச் சொல்லி வைத்தியரிடம் கேட்கலாம். அதற்குச் சில துளி இரத்தம் போதும்.