பழைய 482, புதிய 482

பெங்களூரு கப்பன் பூங்காவை ஒட்டி நிற்கும் சிவப்பு நிற அட்டாரா கச்சேரியில்தான் கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்குகிறது. அங்கே ஒரு சீனியர் வழக்கறிஞர் ‘482 போட்டிருக்கிறோம்’ என்று சொன்னால், 2024 ஜூன் வரை யாருக்கும் குழப்பம் வந்திருக்காது. குற்ற வழக்கை ரத்து செய்யக் கோரி, உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை நாடும் மனு அது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்தது. அதில் 482 என்றால் முன்ஜாமீன். ரத்து மனு 528-க்குப் போய்விட்டது.

இப்படி எண் மாறியவை ஏராளம். பழைய 144 தடை உத்தரவு. புதிய 144 மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம். சினிமா பார்க்கிறவர்களுக்கும் தெரிந்த 302, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான தண்டனை. அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த எண்ணில் இருப்பது, மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது. கொலைக்கான தண்டனை 103-ல் இருக்கிறது.

சட்டப் படிப்பை முடித்து அகில இந்திய பார் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. இந்தியப் பார் கவுன்சில் 2011 மார்ச்சில் முதன்முதலாக நடத்திய தேர்வு இது. இப்படி ஒரு தேர்வு வைக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 பிப்ரவரி 10-ல் தீர்ப்பளித்தது.

மொத்தம் 100 கேள்விகள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பொதுப் பிரிவினர் 45 எடுத்தால் தேர்ச்சி. குறிப்பெதுவும் எழுதாத, உரை சேர்க்காத சட்டப் புத்தகத்தை, அதாவது ‘பேர் ஆக்ட்’டை, உள்ளே கொண்டு போகலாம். ‘புத்தகம்தான் கையில் இருக்குமே!’ என்ற நினைப்பு பலரைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். ஒரு கேள்விக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு நிமிடம். பாடங்களோ பத்தொன்பது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மட்டும் 531 பிரிவுகள். எங்கே தேடுவது என்று தெரியாதவருக்குக் கையில் இருக்கும் புத்தகம் சுமைதான்.

படித்ததை மறுபடி படிப்பது, கோடு போட்டுப் படிப்பது, மஞ்சள் பூசிப் படிப்பது ஆகியவைதான் நம் கல்லூரிகளில் ‘நன்றாகப் படிக்கிறான்’ என்ற பெயரை வாங்கித் தருகின்றன. மனவியலாளர் ஜான் டன்லோஸ்கியும் அவருடைய சகாக்களும் 2013-ல் பத்து படிப்பு முறைகளை ஆராய்ந்தார்கள். இந்தப் பழக்கங்கள் குறைந்த பயன் தருபவை என்ற வரிசையில் போய் விழுந்தன. அதிகப் பயன் தருபவை என்று அவர்கள் சொன்னது இரண்டைத்தான்: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது.

முதலாவதை அருமையாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-ல் வெளியிட்டது. மாணவர்கள் ஒரு பத்தியை ஒரு முறை படித்தார்கள். பிறகு அதை இரண்டாம் முறை படிக்க வேண்டும், அல்லது பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி படித்தவர்கள் 81 சதவீதம் சொன்னார்கள்; எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். மறுபடி படித்தவர்களுக்கு மிஞ்சியது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. மறுவாசிப்பு அந்த நேரத்துக்கு ‘எல்லாம் தெரியும்’ என்ற தெம்பைத் தருகிறது. அந்தத் தெம்பு வாரக் கடைசிவரைகூடத் தாங்குவதில்லை.

பார் தேர்வுக்கு இதை எப்படிச் செய்வது? ஒரு வெள்ளைத் தாளில் ‘கைது’ என்று தலைப்பு மட்டும் போடுங்கள். பிடிவாரண்டு இல்லாமல் போலீஸ் எப்போது கைது செய்யலாம், காரணத்தைச் சொல்ல வேண்டுமா, எத்தனை மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், காவலை யார் நீட்டிக்கலாம் என்று தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். எண் வராவிட்டால் பரவாயில்லை, இடத்தை விட்டுவிட்டு மேலே போங்கள். அதன் பிறகுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். முதல் மூன்றுக்கும் விடையான 35, 47, 58 பிரிவுகள் கைது பற்றிய ஐந்தாம் அத்தியாயத்திலேயே கிடைக்கும். காவல் நீட்டிப்பு அங்கே இல்லை. அது வெகுதூரம் தள்ளி, புலனாய்வு அத்தியாயத்தின் 187-ல் இருக்கிறது. இப்படித் தேடித் தடுமாறிய பிரிவு மறப்பதில்லை. சட்டத்தின் கட்டமைப்பே கைவிரலுக்குப் பழகிவிடும். பேர் ஆக்டை உள்ளே விடும் தேர்வுக்கு வேண்டிய நினைவு இதுதான்.

இனி 482-க்கு வருவோம். பழைய பாடம் புதியதைக் கெடுப்பதை மனவியலாளர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். பென்டன் அண்டர்வுட் 1957-ல் பழைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். சொற்பட்டியல் ஒன்றை மட்டும் கற்றவர்கள் ஒரு நாளில் மறந்தது ஏறக்குறைய கால் பங்கு. அதற்கு முன்பே பல பட்டியல்களை மனப்பாடம் செய்திருந்தவர்கள் மறந்ததோ முக்கால் பங்கு. பழையதை நன்றாகப் படித்தவருக்கே புதியது நழுவுகிறது! கல்லூரியில் பழைய தண்டனைச் சட்டத்தைக் கரைத்துக் குடித்த மாணவர் மாதிரித் தேர்வில் 302-ஐக் கண்டதும் ‘கொலை’ என்று குறித்துவிடுவது அவருடைய சோம்பலால் அல்ல.

நல்ல செய்தியும் உண்டு. கார்ல் ஸ்புனார், கேத்லீன் மெக்டெர்மட், ரோடிகர் மூவரும் 2008-ல் ஐந்து சொற்பட்டியல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்பித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு பட்டியலுக்குப் பிறகும் சோதிக்கப்பட்டவர்கள் ஐந்தாம் பட்டியலை மற்றவர்களைவிட மிக நன்றாக நினைவுகூர்ந்தார்கள். முந்தைய பட்டியலின் சொற்கள் நடுவில் வந்து புகுவதும் வெகுவாகக் குறைந்தது. ஆகவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய ஒப்பீட்டு அட்டவணையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு அத்தியாயம் முடிந்ததும் புதிய எண்களை மட்டும் கேட்டுச் சோதித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவதுதான் பலன் தரும்.

இடைவெளிக்கும் கணக்கு இருக்கிறது. நிக்கோலஸ் செபடாவின் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் செய்த ஆய்வு 2008-ல் வந்தது. 35 நாள் கழித்துச் சோதனை என்றால், முதல் படிப்புக்கும் மறுபடிப்புக்கும் நடுவே 11 நாள் அளவில் விட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். பெங்களூருவில் பகலெல்லாம் சீனியருடன் கோர்ட்டுக்கு அலைந்துவிட்டு, போக்குவரத்து நெரிசலில் நசுங்கி அறைக்குத் திரும்பும் ஜூனியருக்கு இது ஆறுதலான சேதி. ராத்திரி முழுக்க விழிக்க வேண்டாம். இன்று ஒப்பந்தச் சட்டம், நாளை சாட்சியச் சட்டம், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி ஒப்பந்தச் சட்டம் என்று மாற்றி மாற்றி அரை மணி நேரம் எழுதிப் பார்த்தாலே போதும். வழக்கறிஞராகத் தற்காலிகமாகப் பதிந்தவர் இந்தத் தேர்வில் தேர்ச்சி பெற இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. கடைசி வாரத்தில் மொத்தமாக விழுங்குகிறவர்கள் அந்த அவகாசத்தை வீணடிக்கிறார்கள்.

இந்த உழைப்பு தேர்வோடு முடிவதில்லை. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்றும் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அந்த வழக்குகள் கீழமை நீதிமன்றங்களில் இன்னும் பல ஆண்டுகள் நடக்கும். பழைய 302-ஐத் துடைத்தெறியவும் வழியில்லை. ஆகவே சோதித்துக்கொள்ளும்போதே, புதிய எண்கள் பதிந்த பிறகு, ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் சம்பவ தேதி ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது. எப்.ஐ.ஆரைக் கையில் வாங்கும் ஜூனியர் முதலில் தேட வேண்டியதும் அந்தத் தேதியைத்தான்.