அடகுக்குப் போகாத நகை

பதுளை, பசறைத் தோட்டங்களின் மூத்த பெண்கள் சிலரின் கையில் பச்சையைக் கண்டிருக்கிறேன். தமிழகத்திலிருந்து வந்தோரின் வழக்கம் அது. அங்கே குத்துவது குறத்தியர் தொழில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்கர் தர்ஸ்டன் அதைப் பதிவுசெய்தார்: மஞ்சளையும் அகத்தியிலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரிப்பார்கள். புதுச்சட்டியில் படியும் கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து, சேர்த்துக் கட்டிய ஊசிகளால் குத்துவார்கள். புள்ளிக்குக் காலணா, பெரிய கோலத்துக்கு 12 அணா, நாட்டுப்புறத்தில் தானியம்.

மார்க்கத்தில் நமக்கு இது விலக்கு. அதற்காக அந்தக் கைகளை நம்மவர் இளக்காரமாகப் பார்ப்பது சரியில்லை. தோடு, மூக்குத்தியெல்லாம் அடகுக்குப் போய்த் திரும்பாத வீடுகள் அவை. “இத யாரு நானா அடகு புடிப்பா?” என்று ஒரு அம்மாயி என்னிடம் சிரித்தார். 1964 ஒப்பந்தத்தில் கப்பலேறியவர்களோடு அந்தப் பச்சையும் ஊர் திரும்பியது.