சீமான்களின் சின்னஞ்சிறு உலகம்

இணையம் வந்தபோது என்னவெல்லாம் முழங்கினார்கள்! வேலியில்லாத வெளி வந்துவிட்டது. அரசனும் ஆண்டியும் ஒரே சந்தையில் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். வாயிற்காவலன் என்ற பதவியே இனி இராது என்றார்கள். சீமான்கள் சும்மா இருப்பார்களா? திறந்த வெளி ஒன்று கண்ணில் பட்டால், அதன் நடுவே ஒரு மதில் எழுப்பாமல் அவர்களுக்கு உறக்கம் வராதே!

2004 ஆம் ஆண்டு. எரிக் வாக்ட்மைஸ்டர் என்பவர் ஓர் இணையதளம் தொடங்கினார். சுவீடன் நாட்டுப் பிரபு குடும்பத்தவர். வாஷிங்டனில் நெடுங்காலம் தூதராக இருந்தவரின் மைந்தர். தளத்தின் பெயர் 'ஏ ஸ்மால் வேர்ல்ட்'. சின்னஞ்சிறு உலகம்! பெயருக்கேற்றபடிதான் வாசலும் இருந்தது. உள்ளே இருப்பவர் அழைத்தாலொழிய வெளியே இருப்பவர் நுழைய முடியாது. அழைக்கும் உரிமையும் எல்லோருக்கும் இல்லை. நம்பத் தகுந்த சிலருக்கே உண்டு. உள்ளே என்ன பேசினார்கள்? உலகப் பசியைப் பற்றியா? எந்த நகரில் எந்த ஓட்டலில் தங்குவது, இந்த ஆண்டு எந்தப் பனிமலையில் கூடுவது, எந்த விருந்துக்கு யார் வருகிறார்கள் என்ற பேச்சு.

ஒன்றைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்தத் தளத்தில் ஒழுங்கு தவறியவர்களுக்கு ஒரு தண்டனை இருந்தது. முன்பின் தெரியாத பெரும் புள்ளிகளுக்கு வலியச் சென்று கடிதம் எழுதியவர்கள், உறவு கொண்டாடத் துடித்தவர்கள் ஆகியோரைப் பிடித்து வேறொரு தளத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தத் தளத்தின் பெயர் என்ன தெரியுமா? 'ஏ பிக் வேர்ல்ட்'. பெரிய உலகம்! நாமெல்லாம் வாழ்கிறோமே, உழைத்து உண்டு, பிள்ளை குட்டிகளோடு, கோடிக்கணக்கில் வாழ்கிறோமே, அந்தப் பெரிய உலகம் அவர்களுக்குச் சிறைச்சாலை! நம் கிராமங்களில் ஊர்விலக்கு என்று ஒன்று வைத்திருந்தார்கள். விலக்கப்பட்டவனுக்கு நீரில்லை, நெருப்பில்லை என்பார்கள். அதை அநாகரிகம் என்று வெள்ளைக்காரன் எழுதிய புத்தகங்கள் எத்தனை! அவன் வீட்டுக் கணினிக்குள்ளேயே அந்த வழக்கம் குடிபுகுந்தது.

பிறகு அந்தக் கதவுக்கும் விலை போட்டார்கள். 2013 இல் ஆண்டுச் சந்தா வந்தது. 2018 இல் ஸ்விட்சர்லாந்துப் பங்குச்சந்தையில் நிறுவனமே ஏறியது. குலமும் கோத்திரமும் பார்த்துத் திறந்த கதவு, கடைசியில் காசுக்குத் திறந்தது.

கூடும் இடம் இது என்றால், வாங்கும் இடம் எப்படி? 2000 ஆம் ஆண்டில் இலண்டனில் நடாலி மாசனே என்ற பெண்மணி 'நெட்-அ-போர்ட்டே' என்ற இணைய ஆடையகத்தைத் தொடங்கினார். கறுப்புப் பெட்டியில் நாடா கட்டி, பரிசுப் பொருள்போல் ஆடை வீடு வந்து சேரும். ஏராளமாக வாங்கும் சிலருக்குத் தனிப்பட்டியல் ஒன்று உண்டு. வி.ஐ.பி. என்ற சொல் அவர்களுக்குப் போதவில்லை, இ.ஐ.பி. என்று புதுப்பட்டம் சூட்டினார்கள். மிக முக்கியமானவர்களுக்கும் மேலே, அளவு கடந்த முக்கியம் வாய்ந்தவர்களாம்! 2017 இல் அவர்களுக்காக ஒரு வசதி வந்தது. ஆடையைக் கொண்டு வரும் ஆள் வாசலிலேயே நிற்பான். உள்ளே சீமாட்டி ஒவ்வொன்றாக உடுத்திப் பார்ப்பார். பிடிக்காததை அவன் கையிலேயே திருப்பித் தருவார். காத்திருக்கிறோம் என்பதையே அந்தச் சேவையின் பெயரில் பெருமையாகச் சேர்த்தார்கள். நிற்பவனின் காலைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

(2008 இல் உலகப் பொருளாதாரம் சரிந்ததை ஒட்டி, இதே கடை கறுப்புப் பெட்டிக்குப் பதிலாகச் சாதாரணப் பழுப்புக் காகித உறையிலும் அனுப்பத் தொடங்கியது. ஊர் வேலையிழந்து நிற்கும்போது வாங்குவது தெரியக்கூடாதல்லவா! வாங்குவதை நிறுத்தவில்லை, உறையைத்தான் மாற்றினார்கள்.)

"அவர்கள் பணம், அவர்கள் செலவு, உமக்கென்ன வயிற்றெரிச்சல்?" என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். பிரிட்டனின் பர்பரி நிறுவனம் ஒரே ஆண்டில் 2.86 கோடி பவுண்டு பெறுமான விற்காத சரக்கை அழித்ததாக 2018 இல் அதன் கணக்கறிக்கையே கூறிற்று. நெருப்பு வைத்தார்கள், அன்பர்களே! துணிக்குக் கேடு வந்ததாலா? இல்லை. விலை குறைத்து விற்றால் கண்டவர் வாங்கி உடுத்திவிடுவார்கள், சீமான்களின் மதிப்புக் குறைந்துவிடும் என்ற அச்சம்! கண்டனம் எழுந்த பிறகு அதே ஆண்டு செப்டம்பரில் எரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. பிரான்சு நாடு 2020 இல் சட்டம் செய்து, விற்காத துணிமணிகளை அழிப்பதைத் தடுத்தது. குளிரில் நடுங்குபவன் இருக்கும் அதே ஊரில் கம்பளிக் கோட்டு சாம்பலாவது தனியார் விவகாரம் ஆகுமா?

அந்த மாளிகைகளும் நிலைத்தனவா என்றால் அதுவும் இல்லை. ஆடம்பரக் கடைகளை இணையத்தில் ஒன்று சேர்த்த 'ஃபார்ஃபெட்ச்' 2018 இல் நியூயார்க் பங்குச்சந்தையில் கொடி கட்டிப் பறந்தது. 2021 தொடக்கத்தில் அதன் மதிப்பு 2,000 கோடி டாலரைத் தாண்டிற்று. 2024 சனவரியில் தென்கொரியாவின் கூப்பாங் நிறுவனம் 50 கோடி டாலர் கடனுதவியோடு வந்து தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. நெட்-அ-போர்ட்டேயும் 2025 இல் ஜெர்மனியின் 'மைதெரசா' கைக்குப் போயிற்று.

இலண்டனின் 'மேட்சஸ்' கடைக்கு அந்த நற்பேறும் இல்லை. 2023 டிசம்பரில் அதை விலைக்கு வாங்கிய முதலாளி, மூன்றே மாதத்தில் கைகழுவினார். 2024 மார்ச்சில் கடை நொடித்தது. அங்கே வாங்கிய சீமான்கள் வேறொரு தளத்துக்குப் போனார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமே. ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் வேலை இழந்தார்கள். நாலைந்து பேரை வைத்துக்கொண்டு, கடன் வாங்கித் துணியெடுத்துத் தைத்து, அந்தக் கடையை நம்பிச் சரக்கு அனுப்பிய சிறு வடிவமைப்பாளர்கள் பலருக்குப் பணம் வந்து சேரவில்லை. கடன்காரர் பட்டியலில் அடமானம் வைத்துக்கொண்டவர்கள் முன்னே. தைத்துக் கொடுத்தவர்கள் பின்னே.