கண் திறக்கும் வரை களிமண்

ஆதம்பாக்கத்தில் பாதி எழும்பிய அடுக்குமாடிகளில் திருஷ்டி பொம்மை தொங்காதது அபூர்வம். பிதுங்கிய விழி, துருத்திய நாக்கு, முறுக்கு மீசை. அதைத் தினமும் பார்க்கும் வாசகி ஒருவர், வேறு நாடுகளிலும் காவலுக்குப் பொம்மை வைப்பார்களா என்று கேட்டிருந்தார்.

வைப்பார்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசின் சொங்யே மக்கள் மரத்தில் செதுக்கும் காவல் உருவங்கள் உலகப் புகழ் பெற்றவை. செதுக்கி முடித்ததும் அது வெறும் மரம்தான். ‘ங்காங்கா’ எனப்படும் சடங்கு வல்லுநர் அதன் வயிற்றுக் குழியிலும் தலைக்கொம்பிலும் மூலிகை, விலங்குகளின் உடற்பகுதி போன்றவற்றை அடைத்த பிறகே சக்தி ஏறும். ஊருக்குப் பொதுவான பெரிய உருவத்தைக் கையால் தொடாமல், கழிகளால் தாங்கி எடுத்துச் செல்வார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய உறவு ஐயனார் கோயில் மண்குதிரை.

சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் மண்குதிரை செய்து ஐயனாருக்குச் செலுத்தும் புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் ஊர்க்காரர்கள் குயவரான வேளாரிடம் பிடிமண், அதாவது ஒரு பிடி ஊர் மண், கொடுப்பார்கள். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, முதலில் கால்கள், அதன்மேல் உடல், கழுத்து, தலை என்று குதிரை வளரும். உள்ளே முழுக்கக் கூடு. கெட்டியாகச் செய்தால் சூளையில் வெடித்துவிடும். வைக்கோலும் வறட்டியும் மூட்டிச் சுட்டு, வண்ணம் பூசினாலும் அது இன்னும் புரவி ஆகாது. வேளார் விழி தீட்டிக் கண் திறக்க வேண்டும். பல ஐயனார் கோயில்களில் பூசாரியும் அவரே. அதன்பின் ஊரே தோளில் சுமந்து கோயிலில் இறக்கும்.

இறக்கியதோடு சரி. கல்யாணம் முடிந்த மண்டபத்து வாழைமரம் மாதிரி, பிறகு அதை யாரும் பராமரிப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் காது உதிரும், கால் விரியும். ஒட்டவைக்க மாட்டார்கள், அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை வரும். சொங்யே உருவத்திலும் உள்ளடக்கத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மரம்தானே?

இதைப் புரிந்துகொள்ளாமல் கோயில் குதிரைகளைப் பெயர்த்துவந்து விடுதி வரவேற்பறையில் நிறுத்துகிறார்கள். இன்னொரு பக்கம், ‘என்றும் அழியாது’ என்று சிமென்ட் குதிரை எழுப்பி எனாமல் அடிக்கிறார்கள். முதலாவது திருட்டு, இரண்டாவது வேளாரின் அடுத்த வேலைக்கே வேட்டு.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு 1996இல் திறக்கப்பட்ட முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஐயனார் புரவிகளை நிதானமாகச் சுற்றிவரலாம். வீட்டு வாசலுக்கே ஒன்று வேண்டுமானால் வேளாரிடம் புதிதாகச் செய்யச் சொல்லலாம். காயவும் சுடவும் நாளாகும். பிடிமண்ணும் கண் திறப்பும் இல்லாத அலங்காரக் குதிரைதான் கிடைக்கும். ஆனால் கூலி போய்ச் சேர வேண்டிய கையில் சேரும்.