பிளாஸ்டிக் கம்பியைக் காந்தம் திருப்புமா?

திருவனந்தபுரத்தின் வலியசாலையிலிருந்து கரமனை வழியாக நாகர்கோவில் சாலையில் போனால் பாப்பனங்கோட்டில் சிஎஸ்ஐஆரின் என்ஐஐஎஸ்டி ஆய்வகம் வரும். அங்கே ஆராயப்பட்ட பொருள்களில் ஒன்று பாலிஅனிலின், மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக்கில் மின்சாரமா? பாலிமர்ச் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வந்தால் எலக்ட்ரான்கள் நகர வழி பிறக்கும். அயோடினோ அமிலமோ சேர்த்தால் ஓட்டம் பல மடங்காகும். பாலிஅசிட்டிலீனில் இதை 1977-ல் காட்டிய ஹீகர், மெக்டயார்மிட், ஷிரகாவா மூவரும் 2000-ல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

இப்படிப்பட்ட பிளாஸ்டிக்கில் நானோ கம்பி வேண்டுமென்றால், அலுமினா சவ்வின் நுண்துளைகளுக்குள் பாலிமரை மின்வேதி முறையில் வளர்த்துவிட்டுச் சவ்வைக் கரைக்க வேண்டும். அதுவரை சரி. தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிய அந்தக் கம்பியை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே கிடத்துவதுதான் பெரும்பாடு. எந்த இடுக்கி அதைப் பிடிக்கும்?

காந்தப்புலத்தால் முடியும். ஆனால் பாலிமரைக் காந்தம் கண்டுகொள்வதே இல்லை! அதனால் அதே துளைக்குள் கம்பியின் இரு நுனியிலும் நிக்கலை வளர்க்கிறார்கள். நிக்கல் புலத்தின் திசைக்குத் திரும்பும்போது கம்பியும் கூடவே திரும்பி மின்முனைகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. கெட்டிக்கார வேலைதான். இப்படிப் பாலிஅனிலின் கம்பியைப் பொருத்தினால் அம்மோனியா உணரி தயார்: அந்த வாயு பட்டதும் கம்பியின் மின்தடை ஏறும்.