மண்வெட்டியில் சிக்கும் குருட்டுப் பாம்பு

சென்ற ஐப்பசி மழை விட்டதும், திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வாழைக் கொல்லையில் பழைய கட்டைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தோம். காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடைப்பட்ட, ஈரம் காயாத வண்டல் மண். பெயர்த்த கட்டியிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவாய், கறுப்பாய் ஒன்று நெளிந்து விழுந்தது. "செவிப்பாம்பு! காதைப் பொத்திக்குங்க தம்பி" என்று கூவிய பெரியவர், நான் குனிவதற்குள் அதை இரண்டாக வெட்டிவிட்டார்.

துண்டுகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். மண்புழுவின் உடலில் வளையங்களும் வழவழப்பான ஈரமும் உண்டு. இதற்கோ பளபளக்கும் உலர்ந்த செதில்கள். முதுகிலும் வயிற்றிலும் அவை ஒரே அளவு. கண்கள், செதிலுக்கு அடியில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். வாலும் தலையைப் போலவே மழுங்கியிருக்கும். நுனியில் சிறு முள். உயிரோடு கையிலெடுத்தால் அந்த முள்ளை ஊன்றித்தான் நழுவப் பார்க்கும். 'கொட்டிவிட்டது' என்பது இதைத்தான். இதற்கு நஞ்சில்லை; நம்மைக் கடிக்க வாயும் போதாது.

ஆனால் சிறியதெல்லாம் குருட்டுப் பாம்பு என்று எண்ணிவிடக் கூடாது. கட்டுவிரியன் குட்டியும் கறுப்புதான். அதற்குப் பிறந்த அன்றே நஞ்சுண்டு. அது ஒரு சாணுக்கு மேல் நீளும், கண் தெளிவாகத் தெரியும், உடலில் வெள்ளைப் பட்டைகள் இருக்கும், வயிற்றுச் செதில்கள் அகன்றிருக்கும். ஐயம் வந்தால் தொடாமல் விலகுவதே நலம்.

காதுக்குள் இதற்கு என்ன வேலை? எறும்பு முட்டையும் கறையானுமே இதன் இரை. மழைநீர் வளையில் இறங்கும்போது மேலே வருகிறது, அவ்வளவே.

1796இல் பாட்ரிக் ரஸ்ஸல் தம் சோழமண்டலக் கரைப் பாம்பு நூலில் இதைத் தெலுங்குப் பெயரால், 'இருதலைப் பாம்பு' என்ற பொருளில் குறித்தார். 1803இல் தோதென் என்ற பிரெஞ்சு அறிஞர் அறிவியற் பெயர் சூட்டினார். இவ்வினத்தில் எல்லாம் பெண்களே! ஆண் துணையின்றியே முட்டையிடும். ஆகவே பூந்தொட்டி மண்ணில் ஒன்றே ஒன்று ஒளிந்து கப்பலேறினாலும் போதும், புதிய நாட்டில் குடும்பம் பெருகிவிடும். ஹவாய், ஃபுளோரிடா வரை அப்படித்தான் சென்றது. நம் மண்ணின் பிள்ளை!

தையில் அதே கொல்லையில் இன்னொன்று அகப்பட்டது. பெரியவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "வந்து பாருங்க தம்பி, பட்டை ஒண்ணும் இல்லே" என்று அழைத்தார். இடக்கை மட்டும் காதைப் பொத்தியபடியே இருந்தது.