தார் ரோடு வரைதான் முத்துவுக்கு

ஹேப்பி ஐல்ஸ் பக்கம், நடைபாதை மலையேறத் தொடங்கும் இடம். அதற்கு மேல் நாய்கள் போகக்கூடாது. மகளும் மாப்பிள்ளையும் பேரனும் வெர்னல் அருவியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். இரண்டு வாரையும் கையில் சுற்றிக்கொண்டு நான் கீழே நின்றேன். அவர்கள் மறைந்த திசையையே பார்த்து முத்து முனகிக்கொண்டிருந்தான். கறுப்பிக்குப் பதினொரு வயது. நிழல் கண்ட இடத்தில் படுத்துவிட்டாள்.

அது 2023 ஜூன், மூன்றாம் வாரம். மதுரையிலிருந்து மகள் வீட்டுக்கு, கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்து யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குக் காரில் நாலு மணி நேரம். "நாய்களை எங்கேயாவது விட்டுட்டுப் போகலாமே" என்று கேட்டதற்கு, "உன்னை விட்டுட்டுப் போவோமாம்மா?" என்றாள் மகள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

கூடாரம் போட இடம் கிடைப்பதே அங்கே பெரும்பாடு. ஐந்து மாதம் முன்கூட்டியே, மாதத்தின் 15-ஆம் தேதி காலை 7 மணிக்கு ஆன்லைனில் பதிவைத் திறக்கிறார்கள். கோடைக்கால இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஜனவரி 15 அன்று மகள் ஒரு கம்ப்யூட்டரிலும் மாப்பிள்ளை இன்னொன்றிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு மதுரையில் இரவு எட்டரை. "கிடைச்சிருச்சும்மா, அப்பர் பைன்ஸ்!" என்று போனில் அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நாயோடு போகிறவர்கள் எந்த முகாம் என்று பார்த்துத்தான் பதிய வேண்டும். கார் நிறுத்தி, பக்கத்திலேயே கூடாரம் போடும் முகாம்களில் நாய்க்கு இடமுண்டு. மலையேறுகிறவர்கள் தங்கும் கேம்ப் 4 போன்ற நடந்துபோகும் முகாம்களிலும், பெரிய குழுக்களுக்கான முகாம்களிலும் கிடையாது. பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகளிலும் கிடையாது.

கூட்டத்தைச் சொல்ல வேண்டும். சித்திரைத் திருவிழா பார்த்தே வளர்ந்தவள் நான். ஆனால் அங்கே மலைக்கும் மலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கூட்டம். பூங்கா மொத்தம் சுமார் 1,200 சதுர மைல் இருந்தாலும், வருகிறவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்வது ஏழு மைல் நீளமும் ஏறக்குறைய ஒரு மைல் அகலமும் உள்ள ஒரே பள்ளத்தாக்குக்கு. அந்த ஆண்டு வந்தவர்கள் சுமார் 39 லட்சம் பேர். முந்தைய மூன்று கோடைகளில் இருந்த நுழைவு முன்பதிவு அந்த வருடம் இல்லை. போதாததற்கு வரலாறு காணாத பனி. உயரத்தில் போகும் டியோகா சாலையை ஜூலை 22 அன்றுதான் திறக்க முடிந்தது. அங்கெல்லாம் பிரிந்து போயிருக்க வேண்டிய கார்களும் கீழே வந்து நின்றன. நாங்கள் விடியற்காலையில் கிளம்பியதால் தப்பித்தோம். எட்டு மணிக்கு முன்னால் உள்ளே போய்விட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் காருக்குள்ளேயே பாதி நாளைத் தொலைக்கிறார்கள். வெயிலில் நகராத காருக்குள் நாயை வைத்திருப்பது போன்ற கொடுமை வேறில்லை.

பள்ளத்தாக்குக்குள் இலவசப் பேருந்து ஓடுகிறது. ஆனால் அதில் வளர்ப்பு நாய்களை ஏற்றமாட்டார்கள். தார் ரோடு, சாலையோர நடைபாதை, சைக்கிள் பாதை, இவ்வளவுதான் அங்கே அவற்றுக்கு. அதிலும் 'கூடாது' என்று பலகை இருந்தால் கூடாது. வார் ஆறு அடிக்கு மேல் நீளக்கூடாது. கட்டிப்போட்டுவிட்டு அந்தப் பக்கம் போகக்கூடாது. அதனால் குடும்பத்தில் ஒருவர் எப்போதும் நாய்களோடு இருந்தாக வேண்டும்.

முதலில் எனக்கு மனம் ஒப்பவில்லை. இத்தனை லட்சம் மனிதர்கள் மிதிக்கும் பாதையில் இந்த இரண்டு ஜீவன்கள் நடந்தால் என்ன வந்துவிடும்? இதற்கு மறுநாள் விடியற்காலையில் பதில் கிடைத்தது. புல்வெளி ஓரத்து சைக்கிள் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். இருபதடி தள்ளி ஒரு மான். கழுதைக்கு இருப்பதுபோல் பெரிய காது. நான் நின்றேன், அது மேய்ந்துகொண்டே இருந்தது. மனிதர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். அடுத்த நொடி காற்று திரும்பி, முத்துவின் வாசனை அதற்குப் போயிருக்க வேண்டும். தலை நிமிர்ந்தது. காது இரண்டும் எங்கள் பக்கம் திரும்பின. வாயில் பாதி மென்ற புல் அப்படியே தொங்க, ஒரே துள்ளலில் மரங்களுக்குள் போய்விட்டது. முத்து குரைக்கக்கூட இல்லை. நாயின் வாசனையே அதற்கு வேட்டைக்காரனின் வாசனை. பாதை நெடுக நாய்கள் போய்வந்தால் அந்த மான் எங்கே மேயும்? நாய்க்கு வரும் நோய்கள் காட்டு விலங்குகளுக்கும் தொற்றும். நாய்க்கும் அங்கே ஆபத்து உண்டு. மலைச் சிங்கமும் ஓநாய் போன்ற கயோட்டியும் திரிகிற காடு அது. அன்றைக்குப் பிறகு அந்த விதிகளை நான் குறை சொல்லவில்லை.

கரடி விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஓர் இரும்புப் பெட்டி. கரடியின் நகம் நுழைய முடியாதபடி தாழ்ப்பாள். வாசனையுள்ள எல்லாம் அதற்குள் போக வேண்டும். நாங்கள் கொண்டுபோன புளிச்சாதம், ஊறுகாய், பற்பசை, சோப்பு, என் தேங்காய் எண்ணெய் பாட்டில், நாய்த் தீனி மூட்டை, அவை சாப்பிட்ட கிண்ணங்கள்கூட. நாய்த் தீனியைக் காரில் வைத்துப் பூட்டினால் போதாதா என்று கேட்டேன். மாப்பிள்ளை தலையாட்டினார். "கரடி கார்க் கதவையே பிச்சுடும் அத்தை." உண்மைதான். 1998-இல் மட்டும் அந்தப் பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைக் கரடிகள் உடைத்திருக்கின்றன. பெட்டிகளும் கண்காணிப்பும் கூடிய பிறகுதான் அது வெகுவாகக் குறைந்தது. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி பயம் விட்டு ஆட்களிடமே வரும். கடைசியில் அதைக் கொல்ல வேண்டியதாகிவிடும். நம் கவனக்குறைவுக்கு அது உயிரைக் கொடுக்கிறது.

தார் ரோட்டைப் பற்றி நான் கற்றதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் மதியம் கறுப்பி திடீரென்று நடக்க மறுத்து, முன்காலை மாற்றி மாற்றித் தூக்கினாள். குனிந்து புறங்கையை ரோட்டில் வைத்தேன். ஐந்து நொடி தாங்கவில்லை. நம் காலில் செருப்பு இருக்கிறது, அவளுக்கு என்ன இருக்கிறது? பாட்டில் தண்ணீரைப் பாதங்களில் ஊற்றினேன். பாதத்துச் சதை சிவந்திருந்தது. அதன்பிறகு பதினொரு மணியிலிருந்து ஐந்து மணி வரை நாங்கள் மூவரும் பைன் மர நிழலை விட்டு அசையவில்லை.

அந்த நேரங்கள்தான் எனக்கு அங்கே கிடைத்த செல்வம். மேலே ஏறியவர்கள் முதுகு நனைய அருவியின் சாரலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து, பாறைச் சுவரில் வெயில் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். நீலநிறக் கொண்டைப் பறவை ஒன்று மேசையில் இறங்கி, முத்துவை ஒரு கண்ணாலும் என் தட்டை இன்னொரு கண்ணாலும் அளந்தது. மூன்றாம் நாள் மாப்பிள்ளை, "இன்னிக்கு நான் இருக்கேன், நீங்க போங்க அத்தை" என்றார். போனேன். யோசெமிட்டி அருவி 2,425 அடி உயரம். அந்த வருடப் பனியெல்லாம் உருகி இடிபோல் விழுந்துகொண்டிருந்தது. கண் நிறையப் பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பும் வழியில் நாய்களுக்காகவே வவோனா போனோம். புல்வெளியைச் சுற்றி மூன்றரை மைல் மண்பாதை. அங்கே வாரோடு நாய்கள் நடக்கலாம். மூன்று நாளாகத் தாரையே மிதித்த முத்து, மண்ணைக் கண்டதும் மூக்கைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை. கறுப்பி பாதி தூரம் நடந்தாள். மீதி தூரம் பேரனும் அவன் அப்பாவும் மாறி மாறித் தூக்கினார்கள்.

அதற்கு முன், அப்பர் பைன்ஸில் கடைசி இரவு. பத்து மணிக்கு மேல் பேச்சுச் சத்தம் கூடாது. அத்தனை கூட்டமும் அடங்கிவிட்டது. கூடாரத்துக்குள் முத்து என் ஸ்வெட்டர் பையை முகர்ந்துகொண்டே இருந்தான். கையை விட்டுப் பார்த்தேன். காலையில் போட்ட நாய் பிஸ்கட், இரண்டு. பேரன் தூக்கத்தில், "எங்க போற அம்மாச்சி?" என்றான். "வந்துடறேன், படு." டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நல்ல குளிர். பைன் ஊசிகள் காலடியில் நொறுங்கின. பெட்டியைத் திறந்து பிஸ்கட்டை மூட்டைக்குள் போட்டேன். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தேன்.